பொட்டலம் பிரியவில்லையா, செயலி திறக்கவில்லையா? டெர்மினல் காட்டும் பிழையை வைத்துச் சரிசெய்யும் வழி

தர்மபுரியில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டுக் கொடுப்பது என் வேலை. போட்டுக் கொடுத்ததோடு முடிவதில்லை. பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம் என்று எங்கெங்கிருந்தோ போன் வரும். பெரும்பாலும் இரண்டே புகார்தான். “அண்ணா, டவுன்லோட் பண்ணிட்டேன், பிரிக்க முடியல.” இல்லாவிட்டால், “பிரிச்சிட்டேன், ஓட மாட்டேங்குது.”

இரண்டுக்கும் விடை அநேகமாகக் கட்டளை தட்டும் டெர்மினல் திரையிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அதே கட்டளைக்கு முன்னால் சுடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் சொல்) சேர்த்து மறுபடி தட்டுவதால்தான் சின்னக் கோளாறு பெரிதாகிறது. அதனால் பிழைச் செய்தியையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன வந்ததோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

போனில் எப்படிச் சொல்வேனோ அப்படியே கட்டளைகளை ஒலியில் தந்திருக்கிறேன். ‘டார்’ என்றால் டி, ஏ, ஆர். ‘-எக்ஸ்எஃப்’ என்றால் ஹைஃபன், ஒட்டி எக்ஸ், எஃப். எல்லாம் சின்ன எழுத்து. நான் இடைவெளி விட்ட இடத்தில் நீங்களும் ஒரு இடைவெளி விடுங்கள்.

“நாட் இன் ஜிஜிப் ஃபார்மட்” என்கிறது

டார் மூட்டை கட்டும், ஜிஜிப் அழுத்தும். நம் பக்கம் புளியை மூட்டையில் போட்டு மிதித்து அமுக்குவார்களே, அந்த இரண்டு வேலைதான். ‘.டார்.ஜிஇசட்’ என்று பெயர் முடிந்தால் மூட்டையாகக் கட்டி அமுக்கியது என்று பொருள். அமுக்கிய அடையாளம் கோப்பின் தொடக்கத்தில் இல்லாவிட்டால் இந்தப் பிழை வரும். பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பது கணக்கே இல்லை.

பாலக்கோட்டிலிருந்து பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் இதற்காக ஒரு மாலை முழுக்கப் போராடியிருக்கிறார். மூன்று முறை இறக்கிவிட்டார், மூன்று முறையும் அதே பிழை. ‘ஃபைல்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். உள்ளே இருப்பது உண்மையில் என்ன என்று முதல் சில பைட்டுகளைப் பார்த்துச் சொல்லும் கட்டளை அது.

“என்னப்பா வருது?”

“எச்டிஎம்எல் டாக்குமென்ட்னு வருது அண்ணா.”

விஷயம் அவ்வளவுதான். விடுதி வைஃபையில் லாகின் காலாவதியாகியிருக்கிறது. கோப்புக்குப் பதிலாக லாகின் பக்கம் இறங்கி, கோப்பின் பெயரில் உட்கார்ந்துகொண்டது. அளவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 80 எம்பி இருக்க வேண்டியது சில கேபிதான் இருந்தது. பிரவுசரில் லாகின் செய்துவிட்டு மறுபடி இறக்கியதும் பிரிந்துவிட்டது.

‘ஃபைல்’ கட்டளை ‘எக்ஸ்இசட் கம்ப்ரெஸ்டு டேட்டா’ என்றால் கோப்பு நல்ல கோப்புதான், பெயர் மட்டும் தப்பு. பழைய பாடங்களில் ‘டார் -எக்ஸ்இசட்எஃப்’ என்று எழுதியிருப்பார்கள். நடுவில் உள்ள இசட், இது ஜிஜிப்தான் என்று அடித்துச் சொல்கிறது. அந்த எழுத்தை விட்டுவிட்டு ‘டார் -எக்ஸ்எஃப்’ என்று மட்டும் கொடுங்கள். லினக்ஸில் இருக்கும் க்னூ டார் எந்த அழுத்தம் என்று தானே கண்டுகொள்ளும்.

“அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்” அல்லது “எண்ட் ஆஃப் சென்ட்ரல் டைரக்டரி சிக்னேச்சர் நாட் ஃபவுண்ட்”

இரண்டுக்கும் அநேகமாக ஒரே காரணம்: பாதியில் நின்ற டவுன்லோட். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் மொபைல் சிக்னலை நம்பி இறக்குகிறவர்களிடமிருந்து இது அடிக்கடி வரும். ஆனால் டாரும் ஜிப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

டார் கோப்பு முன்னாலிருந்து வரிசையாகப் போகும். ஆகவே அறுந்த இடம் வரை உள்ள கோப்புகள் முழுதாக வெளியே வந்திருக்கும், கடைசியாக வந்தது மட்டும் அரைகுறை. ஜிப் அப்படி இல்லை. உள்ளே என்னென்ன எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கோப்பின் கடைசியில்தான் அது எழுதி வைக்கிறது. 99 சதவீதம் இறங்கியிருந்தாலும் அந்தக் கடைசித் துண்டு இல்லையென்றால் ‘அன்ஜிப்’ கையை விரித்துவிடும். “கிட்டத்தட்ட முழுசா வந்திருக்கே அண்ணா, ஒண்ணுமே வரலையே” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

முதலிலிருந்து இறக்க வேண்டாம். ‘டபிள்யூகெட் -சி’ என்று கொடுத்து, பழைய முகவரியையே போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதிக் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் நின்றுகொண்டு தட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக ஆரம்பித்துவிடும்.

முழுதாக வந்துவிட்டதா என்று பார்க்க ‘எஸ்எச்ஏ256சம்’ என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 64 எழுத்து நீளத்தில் ஒரு கோவை வரும். தயாரித்தவர்கள் தங்கள் பக்கத்தில் தந்திருக்கும் கோவையோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். முதல் நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள், கடைசி வரை பாருங்கள்.

மறுபடி இறக்க வழியே இல்லை, இருப்பதில் கிடைத்தது போதும் என்றால் ‘ஜிப் -எஃப்எஃப் பழைய பெயர் --அவுட் புதிய பெயர்’ என்று ஒரு வழி உண்டு. இங்கே மட்டும் இரண்டு எஃப்பும் பெரிய எழுத்து. பட்டியலை நம்பாமல் கோப்பு முழுக்கத் தேடி, கிடைத்ததைச் சேர்த்துப் புது ஜிப் ஒன்று செய்யும். ஒன்றிரண்டு போட்டோவைக் காப்பாற்ற இது போதும். இப்படி மீட்ட செயலியை மட்டும் நம்பி நிறுவ வேண்டாம்.

பென்டிரைவில் பிரித்தால் மட்டும் பிழை

இதில் மூன்று விதம் பார்த்திருக்கிறேன். மூன்றும் பென்டிரைவின் ஃபார்மட்டால் வருபவை. ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்று தட்டுங்கள். உங்கள் பென்டிரைவுக்கு நேராக ‘விஃபேட்’ என்று இருந்தால் அது ஃபேட் வகை.

“கேனாட் கிரியேட் சிம்லிங்க்” என்று வந்தால்: லினக்ஸ் செயலிகளின் மூட்டைக்குள் ஒரு கோப்பை இன்னொரு பெயரில் சுட்டும் இணைப்புகள் இருக்கும். ஃபேட்டில் அந்த வசதியே கிடையாது. “ஃபைல் டூ லார்ஜ்” என்று வந்தால்: ஃபேட்32-இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாவதுதான் ஆளை ரொம்பக் குழப்பும். ஆப்இமேஜ் (ஒற்றைக் கோப்பாக வரும் செயலி) ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, ஓட்ட அனுமதி தரும் ‘சிஎச்மாட் +எக்ஸ்’ (சி, எச், எம், ஓ, டி) கொடுக்கிறீர்கள். எந்தப் பிழையும் வராது. ஓட்டினால் “பெர்மிஷன் டினைடு”. மறுபடி சிஎச்மாட், மறுபடி அதே. ‘எல்எஸ் -எல்’ போட்டு இடது ஓரத்தைப் பாருங்கள். ஆர், டபிள்யூ எல்லாம் இருக்கும், எக்ஸ் வந்திருக்காது. ‘இதை ஓட்டலாம்’ என்ற குறிப்பை எழுதி வைக்க ஃபேட்டில் இடமே இல்லை. அதனால் நீங்கள் கொடுத்த கட்டளையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

மூன்றுக்கும் ஒரே வழிதான். கோப்பை ஹோம் ஃபோல்டருக்கு நகல் எடுத்து, அங்கே பிரித்து, அங்கேயே ஓட்டுங்கள். பென்டிரைவை வண்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஃபைல் நேம் டூ லாங்”, ஆனால் பெயர் அவ்வளவு நீளமில்லையே?

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு இது சீக்கிரம் வரும்.

கிருஷ்ணகிரியில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாறினார். கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் பெயர், ஊர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்துத்தான் கோப்புக்குப் பெயர் வைப்பார். தேடுவதற்கு வசதி, நல்ல பழக்கமும்கூட. பழைய கோப்புகளை ஜிப் செய்து கொண்டுவந்து பிரித்தபோது சில மட்டும் வெளியே வரவில்லை.

லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 வட்டில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ் ஒருங்குறியில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறி, சேரும் காலுக்கோ கொம்புக்கோ இன்னொரு குறி. புள்ளிக்கும் தனிக் குறிதான். ‘தர்மபுரி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டு குறி, 24 பைட். ‘கிருஷ்ணகிரி’ 33 பைட். பத்திரிகை என்றால் முதலில் வரும் ‘ஸ்ரீ’ ஒன்றே 12 பைட். மொத்தம் 85 குறிதான் இடம். விண்டோஸில் எண்ணும் முறை வேறு, அங்கே தமிழுக்கும் 255 குறி வரை இடம் உண்டு. அங்கே சரியாக இருந்த பெயர் இங்கே நுழையாததற்கு இதுதான் காரணம்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் இன்னும் கையில் இருந்தால், அங்கேயே பெயரைச் சுருக்கி மறுபடி ஜிப் செய்வது சுலபம். இல்லையென்றால் ‘அன்ஜிப் -பி’ (பி, பேப்பரின் முதல் எழுத்து) கை கொடுக்கும். கோப்பை அதன் பெயரில் உருவாக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் வெளியே ஊற்றும் வழி இது. நாம் வேறு பெயரில் பிடித்துக்கொள்ளலாம்: ‘அன்ஜிப் -பி பழசு.ஜிப் "*.பிடிஎஃப்" > பத்திரிகை1.பிடிஎஃப்’. மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். அந்த நட்சத்திரத்துக்குப் பொருந்தும் கோப்பு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாகிவிடும். அக்காவுக்கு அன்று இருபதுக்கு மேல் இருந்தன, பழைய கம்ப்யூட்டரை மறுபடி இணைத்துத்தான் முடித்தோம். இப்போது ஃபோல்டருக்கு ஊர்ப்பெயர், கோப்புக்கு மணமக்கள் பெயர் என்று பிரித்து வைக்கிறார். எல்லை ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி என்பதால் இது போதும்.

ஹோம் ஃபோல்டர் முழுக்க இறைந்துவிட்டது

சில மூட்டைகளில் எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரு ஃபோல்டர் இருக்காது. பிரித்தால் நூறு கோப்பும் நீங்கள் நிற்கும் இடத்தில் கொட்டும். பிரிப்பதற்கு முன் ‘டார் -டிஎஃப்’ (டாரில் வரும் அதே டி) அல்லது ‘அன்ஜிப் -எல்’ போட்டு உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் ‘எம்கேடிஐஆர் புதுசு’ (டி, டைரக்டரியின் முதல் எழுத்து) என்று ஒரு ஃபோல்டர் செய்து, டாருக்கு ‘-சி புதுசு’ (இங்கே சி பெரிய எழுத்து), அன்ஜிப்புக்கு ‘-டி புதுசு’ (இங்கேயும் டைரக்டரியின் டி) என்று கடைசியில் சேர்த்தால் அதற்குள் போய்விடும்.

சுடோ போட்டு டாரைப் பிரித்திருந்தால் இன்னொரு தொல்லை. கட்டியவரின் கம்ப்யூட்டரில் இருந்த உரிமையாளரையே கோப்புகளுக்கு அது வைத்துவிடும், பல சமயம் உங்களாலேயே அழிக்க முடியாது. ‘சுடோ சிஎச்ஓன் -ஆர் உங்கள் பயனர்பெயர் ஃபோல்டர்பெயர்’ (சி, எச், ஓ, டபிள்யூ, என்; ஆர் பெரிய எழுத்து) கொடுத்து மீட்டுக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டர் பெயரை இரண்டு தரம் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

“கமாண்ட் நாட் ஃபவுண்ட்”, கோப்பு கண்ணெதிரே இருக்கிறது

பெயருக்கு முன்னால் புள்ளியும் ஸ்லாஷும் போடுங்கள்: ‘./செயலி’. நிற்கிற ஃபோல்டரில் டெர்மினல் தானாகத் தேடாது. ‘./’ போட்டபின் “பெர்மிஷன் டினைடு” வந்தால் ‘சிஎச்மாட் +எக்ஸ் செயலி’ கொடுங்கள்.

ஆப்இமேஜ்: “லிப்ஃப்யூஸ்.எஸ்ஓ.2” பற்றி ஏதோ சொல்லி நின்றுவிடுகிறது

ஆப்இமேஜ் என்பது தன்னுள் ஒரு சின்ன வட்டையே வைத்திருக்கும் ஒற்றைக் கோப்பு. ஓட்டும்போது அந்த வட்டைத் தற்காலிகமாக மாட்டி, உள்ளிருக்கும் செயலியைத் திறக்கும். அப்படி மாட்டுவதற்கு ஃப்யூஸ் என்ற ஏற்பாடு வேண்டும். பல ஆப்இமேஜ்கள் இரண்டாம் பதிப்பைத்தான் கேட்கின்றன. உபுண்டு 22.04 முதல் அது முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை.

உபுண்டுவில் செயலிகளை நிறுவும் கட்டளை ஏபிடி. 22.04-இல் ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் லிப்ஃப்யூஸ்2’. 24.04-இல் அதே பொருளின் பெயர் ‘லிப்ஃப்யூஸ்2டி64’. இதோடு நின்றுவிட வேண்டும். பிழையில் ஃப்யூஸ் என்று இருப்பதைப் பார்த்து ‘ஃப்யூஸ்’ என்ற பேக்கேஜையே நிறுவிவிடாதீர்கள். அது உபுண்டு பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பை வெளியே தள்ளும், அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பகுதிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அரூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த மடிக்கணினியில் டெஸ்க்டாப்பே வராமல் வெறும் கறுப்புத் திரை. ஏபிடி எதையெல்லாம் நீக்கப் போகிறேன் என்று பட்டியல் காட்டிக் கேட்டிருக்கிறது, அவர் ஒய் தட்டிவிட்டார். ‘ரிமூவ்டு’ என்ற சொல் வந்தால் கீழே உள்ள ஒவ்வொரு பெயரையும் படியுங்கள்.

எதையும் நிறுவ அனுமதி இல்லாத கல்லூரி லேப் கம்ப்யூட்டர் என்றால் வேறு வழி உண்டு. ‘./செயலி.ஆப்இமேஜ் --ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட்’ என்று கொடுங்கள். உள்ளிருப்பதெல்லாம் ‘ஸ்குவாஷ்எஃப்எஸ்-ரூட்’ என்ற ஃபோல்டரில் பிரிந்து வரும். அதற்குள் ‘ஆப்ரன்’ என்று ஒன்று இருக்கும், ஏ-யும் ஆர்-உம் பெரிய எழுத்து. அதை ஓட்டினால் போதும், ஃப்யூஸே தேவையில்லை.

24.04-இல் ஃப்யூஸைத் தாண்டியபின் “எஸ்யூஐடி சாண்ட்பாக்ஸ்” என்று நீளமாக ஒரு பிழை வந்தால், அந்தச் செயலி குரோமியம் பிரவுசரை உள்ளே வைத்துக் கட்டியது. அது தன்னைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் பாதுகாப்பு வேலியை உபுண்டுவின் பாதுகாப்புக் காவலான ஆப்ஆர்மர் இப்போது எல்லோருக்கும் அனுமதிப்பதில்லை. கடைசியில் ‘--நோ-சாண்ட்பாக்ஸ்’ சேர்த்தால் ஓடும், வேலி இல்லாமல் ஓடும். நம்பிக்கையான இடத்திலிருந்து வந்த, நெட்டைத் தொடாத செயலிக்கு மட்டும் நான் அப்படிச் செய்வேன். அதே செயலி டெப் வடிவில் (உபுண்டுவின் நிறுவல் கோப்பு) கிடைத்தால் அதையே எடுங்கள்.

“எக்ஸெக் ஃபார்மட் எரர்” அல்லது “ரிக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்”

முதலாவது வந்தால் செயலி வேறு வகைப் பிராசசருக்குக் கட்டியது. ‘யூநேம் -எம்’ உங்கள் கம்ப்யூட்டரின் வகையைச் சொல்லும். எக்ஸ்86_64 என்றால் வழக்கமான 64 பிட், ஐ686 என்றால் 32 பிட், ஏஏஆர்ச்64 என்றால் ராஸ்பெர்ரி பை போன்றவற்றில் வரும் ஆர்ம். டவுன்லோட் பக்கத்தில் அதற்குரியதைத் தேர்ந்தெடுங்கள், வேறு வைத்தியம் தேவையில்லை.

இரண்டாவது கொஞ்சம் நுட்பம். பழைய பதிப்புகளில் இது “நோ சச் ஃபைல்” என்று வரும், எதிரே இருக்கும் கோப்பையே இல்லை என்கிறதே என்று தோன்றும். இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய உதவிக் கோப்பு. 32 பிட் செயலியை 64 பிட் உபுண்டுவில் ஓட்டினால் இப்படி வரும். ‘சுடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’, பிறகு ‘சுடோ ஏபிடி அப்டேட்’, பிறகு ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் லிப்சி6:ஐ386’. ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்றில் வந்தால், அநேகமாக யாரோ விண்டோஸில் எழுதிச் சேமித்திருக்கிறார்கள். ‘ஃபைல்’ கட்டளை ‘சிஆர்எல்எஃப்’ என்று காட்டும், அது விண்டோஸ் வரிகளை முடிக்கும் முறை. ‘டாஸ்2யூனிக்ஸ்’ நிறுவி, அந்தப் பெயரோடு கோப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

“ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்”

செயலி புதிது, உபுண்டு பழையது. ஜிலிப்சி என்பது செயலிகள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம். 20.04-இல் இருக்கும் ஜிலிப்சி 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. எங்கிருந்தாவது புது ஜிலிப்சியை எடுத்துக் கையால் மாற்றாதீர்கள். ‘எல்எஸ்’ உட்பட ஏறக்குறைய எல்லாக் கட்டளையும் அதன் மேல்தான் நிற்கிறது, தப்பினால் திருத்தக்கூட ஒரு கட்டளை ஓடாது. அதே செயலியின் முந்தைய பதிப்பையோ ஃப்ளாட்பேக் என்ற நிறுவல் வடிவத்தையோ தேடுங்கள். ஃப்ளாட்பேக் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு கொண்டுவரும்.

ஜாவா: “அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்”

‘ஜாவா -ஜார் செயலி.ஜார்’ கொடுத்தவுடன் 61.0, 52.0 என்று எண்கள் வரும். அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8, 65 என்றால் ஜாவா 21. பெரிய எண் செயலி கேட்பது, சிறிய எண் உங்களிடம் இருப்பது. ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் ஓபன்ஜேடிகே-17-ஜேஆர்இ’ போல வேண்டியதை நிறுவுங்கள். “நோ மெயின் மேனிஃபெஸ்ட்” என்று வந்தால் அது தனியாக ஓடும்படி கட்டிய ஜார் அல்ல, அநேகமாக வேறொரு செயலிக்கான நூலகம்.

டெப் கோப்பு நிறுவ மறுக்கிறது

‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் ./பெயர்.டெப்’ என்று கொடுங்கள். இங்கேயும் ‘./’ முக்கியம், தேவையான துணைப் பேக்கேஜ்களையும் சேர்த்து எடுத்துவரும். “குட் நாட் கெட் லாக்” என்றால் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது என்று பொருள். லாக் கோப்பை அழிக்கச் சொல்லி யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டுங்கள்.

ஸ்நாப் செயலிக்குப் பென்டிரைவே தெரியவில்லை

ஸ்நாப் என்பது உபுண்டுவின் இன்னொரு நிறுவல் வடிவம். ‘சுடோ ஸ்நாப் கனெக்ட் செயலிபெயர்:ரிமூவபிள்-மீடியா’ என்று கொடுங்கள். அநேகமாகத் தீர்ந்துவிடும்.

இதிலும் அடங்காத பிழை என்றால், கேட்கும்போது திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே நகல் எடுத்து அனுப்புங்கள். டெர்மினலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நகல் ஆகும். நீங்கள் தட்டிய கட்டளை, அதற்கு வந்த முழுப் பிழை, ‘யூநேம் -எம்’ சொன்னது, ‘ஃபைல்’ சொன்னது, இந்த நான்கும் இருந்தால் பென்னாகரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை இங்கிருந்தே பார்த்துவிடலாம்.